வாளியில் வளரும் செடிக்கு முதலில் காற்று, பிறகுதான் உரம்

கேள்வி: மண் இல்லாமல் காய்கறி வளர்க்கும் ஆசையில் பால்கனியில் 20 லிட்டர் வாளிகள் நான்கு வைத்திருக்கிறேன். மூடியில் துளையிட்டு, வலைத்தொட்டியில் களிமண் உருண்டைகளை நிரப்பி, இரண்டில் தக்காளியும் மற்ற இரண்டில் புதினாவும் லெட்யூஸும் நட்டேன். தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) கொடுக்கிறேன். தண்ணீர் குறையும்போதெல்லாம் வாளியை விளிம்பு வரை நிரப்பிவிடுவேன். முதல் மூன்று வாரம் செழிப்பாக வந்த தக்காளி இப்போது உச்சி வெயிலில் துவண்டுபோகிறது. இலை மஞ்சளாகி ஓரம் கருகுகிறது. உரத்தைக் கூட்டினேன், இன்னும் மோசமாகிவிட்டது. வேரெல்லாம் பழுப்பாக இருக்கிறது. செடியைக் காப்பாற்ற முடியுமா? இந்த முறையையே மாற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் தக்காளியின் வேர் மூச்சுத் திணறுகிறது. வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் செடி துவள்வதுதான் அதற்கு முதல் அடையாளம். ஆக்சிஜன் கிடைக்காத வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, சத்துகளையும் உள்ளே இழுக்க முடியாது. அந்த நிலையில் உரத்தைக் கூட்டினால் கரைசலில் உப்பு ஏறி, வேர் தண்ணீர் எடுப்பது இன்னும் கடினமாகும். ஓரம் கருகியது அதனால்தான். ஆகவே இன்றே உரம் கூட்டுவதை நிறுத்துங்கள்.

வெயிலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். ஆனால் சூடு ஏற ஏற வேரின் ஆக்சிஜன் தேவை கூடிக்கொண்டே போகும். வரவு குறைந்து செலவு கூடும் அந்த இடைவெளியில்தான் பித்தியம் என்கிற வேரழுகல் கிருமி நுழைகிறது. கரைசலின் வெப்பம் 18 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 28 டிகிரியைத் தாண்டினால் காற்று செலுத்தும் பம்ப் இல்லாத வாளியில் தக்காளி தாக்குப்பிடிப்பது சிரமம்.

வேரின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். சில உரங்களும் கடற்பாசிச் சாறும் நல்ல வேரையே பழுப்பாக்கிவிடும். ஒரு வேரை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். உறுதியாக இருந்தால் அது வெறும் கறை. மேல்தோல் வழுக்கிக் கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் கையில் மிஞ்சினால், கூடவே அழுகல் வாடையும் அடித்தால், அது வேரழுகல்தான்.

பாதிக்கு மேல் வேர் நன்றாக இருக்கிறதா? அப்படியானால் செடி பிழைக்கும். அழுகியதைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி, மிச்ச வேரைத் தண்ணீரில் அலசுங்கள். வாளியையும் களிமண் உருண்டைகளையும் பிளீச்சிங் கரைசலில் கழுவி, வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு பாதி அளவு செறிவில் புதிய கரைசல் ஊற்றுங்கள். வேர் குறைந்த செடியால் அத்தனை இலைகளுக்கும் தண்ணீர் அனுப்ப முடியாது என்பதால் கீழ் இலைகளையும் காய்களையும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் நிழலில் இருக்கட்டும். பெரும்பகுதி வேர் போய்விட்டால் அந்தச் செடியோடு போராட வேண்டாம். நோயில்லாத ஒரு பக்கக் கிளையை வெட்டித் தண்ணீரில் வையுங்கள், தக்காளி எளிதாக வேர் விடும். புதினாவும் அப்படித்தான்.

இனி வாளிக்கு வருவோம். பம்ப் இல்லாத முறையை ஹவாய் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. கிராட்கி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த முறையின் உயிர்நாடி, தண்ணீர் மட்டம் இறங்குவதுதான். மட்டம் இறங்க இறங்க, மேலே ஈரமான காற்றில் தொங்கும் வேர்கள் கிளைத்து, சுவாசிக்கும் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. நீங்கள் விளிம்பு வரை நிரப்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் காற்று வேர்கள் மூழ்கிவிடுகின்றன. மூன்று வாரம் நன்றாக இருந்த செடி திடீரென்று விழுந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. நிரப்ப வேண்டிவந்தால் தண்ணீர் மட்டம் வாளியின் மூன்றில் ஒரு பங்கு வரை, அதிகம் போனால் பாதி வரை, அதோடு நிறுத்துங்கள்.

லெட்யூஸ் இந்த முறைக்கு அருமையாகப் பொருந்தும். ஒரு முறை நிரப்பினால் அறுவடை வரை ஓடும். புதினாவும் வளரும், ஆனால் வேரால் வாளியையே அடைத்துவிடும். அதற்குத் தனி வாளி கொடுத்தது நல்லது. வளர்ந்த தக்காளி கதை வேறு. வெயில் நாளில் ஒரு செடி இரண்டு லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆகவே தக்காளிக்கு இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் வழி, மீன்தொட்டிக்குப் போடும் ஏர் பம்ப்பும், காற்றைச் சிறு குமிழிகளாக்கும் ஏர் ஸ்டோனும். நாள் முழுவதும் ஓட வேண்டும். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி பம்ப்புக்குள் போய்விடும்.

இரண்டாவது வழி, டச்சு வாளி. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். வாளியில் பெர்லைட்டோ (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்), பெர்லைட்டும் கோகோ பீட்டும் (தேங்காய் நார்த்தூள்) கலந்ததோ நிரப்பி, அடியிலிருந்து 4–5 சென்டிமீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் ஒரு வடிகால் துளை போடுகிறோம். மேலே ஊற்றும் கரைசல் ஊடகத்தை நனைத்துக்கொண்டே இறங்கும்போது காற்றையும் உள்ளே இழுத்து வரும். அடியில் கொஞ்சம் இருப்பும் தங்கும். கரைசலை மேலே ஏற்றும் பம்ப் ஒரு நாள் ஓடாவிட்டாலும், கையால் ஊற்றிச் சமாளிக்கலாம். கோகோ பீட் வாங்கினால் உப்பு போகும்வரை பலமுறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

எந்த வழியானாலும் வாளிக்குள் வெளிச்சம் போகக்கூடாது, போனால் பாசி பிடிக்கும். வாளியின் வெளிப்புறத்தில் முதலில் கறுப்பு பெயின்ட்டும் அதன்மேல் வெள்ளையும் அடித்தால் வெளிச்சமும் தடைபடும், சூடும் ஏறாது. செடிக்கு வெயில் வேண்டும், வாளிக்கு நிழல் வேண்டும்.

இப்போது உரம். 19:19:19 மண்ணில் நன்றாக வேலை செய்யும், வாளிக்கு அது மட்டும் போதாது. அதில் கால்சியம் கிடையாது. தழைச்சத்தின் பெரும்பகுதி பெரும்பாலும் யூரியா வடிவில் இருக்கும். மண்ணில் நுண்ணுயிர்கள் யூரியாவை நைட்ரேட்டாக மாற்றித் தரும். வாளித் தண்ணீரில் அந்த உதவி மிகக் குறைவு. இதையே தொடர்ந்தால், கால்சியம் குறைவால், காய் பிடித்த பிறகு தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிவிழுவதையும் பார்க்க நேரிடும். ஹைட்ரோபோனிக்ஸுக்கென்று, அதாவது மண்ணில்லா வளர்ப்புக்கென்று வரும் ஏ, பி என்ற இரட்டைக் கரைசலை வாங்கலாம். தூளாகக் கலப்பதானால், 20 லிட்டருக்கு நுண்சத்து சேர்ந்த 4:18:38 உரம் 12 கிராம், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 6 கிராம், கால்சியம் நைட்ரேட் 12 கிராம். இந்த வரிசையிலேயே, ஒன்று முழுதாகக் கரைந்த பிறகு அடுத்ததைப் போடுங்கள். கால்சியம் நைட்ரேட்டை மற்றவற்றோடு அடர்த்தியாகக் கலந்தால் சல்பேட்டும் பாஸ்பேட்டும் அதோடு சேர்ந்து அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். படிந்த சத்து வேருக்குக் கிடைக்காது. இந்த அளவு காய்க்கும் தக்காளிக்கு. லெட்யூஸுக்குப் பாதி போதும்.

கலந்து முடித்த பிறகு பி.எச்., அதாவது கரைசலின் அமில-கார அளவைப் பாருங்கள். 5.5 முதல் 6.5 வரை சரி. அதற்கு மேல் போனால் இரும்புச்சத்து கிடைக்காமல், நரம்பு பச்சையாகவே இருக்க, இளம் இலை மஞ்சளாகும். கரைசலில் உப்புச் செறிவு எவ்வளவு என்று மின்கடத்துதிறனை வைத்துக் காட்டும் ஈ.சி. மீட்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், உங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய துணை. மட்டம் இறங்கும்போது ஈ.சி. ஏறினால் செடி சத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கிறது என்று பொருள். வெறும் தண்ணீர் சேருங்கள். ஈ.சி. இறங்கினால் சத்து குறைகிறது, கரைசல் சேருங்கள். மீட்டரில் mS/cm அளவில் தக்காளிக்கு 2 முதல் 3.5, லெட்யூஸுக்கு 0.8 முதல் 1.2 என்பது நல்ல எல்லை. இரண்டையும் ஒரே கரைசலில் வளர்க்க முயலாதீர்கள்.

பம்ப் வைத்த வாளியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசலை முழுதாக மாற்றுங்கள். அழுகல் வந்த வாளியில் மிச்சமான கரைசலை மட்டும் வேறு செடிகளுக்கு ஊற்ற வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் நுனிகள் எட்டிப்பார்க்க வேண்டும். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்துக் கவலைப்பட்டு மறுபடியும் உரத்தைக் கூட்டிவிடாதீர்கள். உச்சியில் புதிதாக விரியும் இலை பச்சையாக வந்தால் கரைசலை முழுச் செறிவுக்கு உயர்த்தலாம்.