டர்பனில் பழைய பாய்மரப் படகு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

36 அடி பைபர்கிளாஸ் படகு, ரேடார், சோலார் தகடுகள், கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி எல்லாம் இருக்கிறது, குடும்பத்தோடு கேப் டவுன் வரை போக வேண்டும், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி முழுக்கக் கருவிகளின் பட்டியல். படகின் நிலையைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே!

டர்பனில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பது என் தொழில். ஆண்டுக் கடைசியில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து வெளிநாட்டுப் படகுகள் இங்கே வருகின்றன. கடல் அலுத்துப்போய், படகை இங்கேயே விற்றுவிட்டு விமானம் ஏறுகிறவர்களும் உண்டு. அவற்றில் கருவிகளுக்குக் குறைவே இருக்காது. கருவி கெட்டால் வேறு வாங்கலாம். மேல்தளம் கெட்டுப்போனால் படகின் விலையளவுக்குச் செலவு வைக்கும்.

டர்பனை விட்டுத் தெற்கே போனால் ஈஸ்ட் லண்டன் என்ற துறைமுக ஊர் வரை சுமார் 250 கடல் மைலுக்கு ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. அகுல்யாஸ் நீரோட்டம் 4, 5 நாட் (மணிக்கு 4, 5 கடல் மைல்) வேகத்தில் தெற்கே இழுக்கும். எதிரே தென்மேற்குக் காற்று பலமாக வீசினால் அலை சுவர் போல் செங்குத்தாக எழும்பும். அப்போது பாய்மரத்தைப் பிடித்து நிறுத்துபவை பக்கவாட்டுக் கம்பிகளும், அவற்றைப் படகோடு பிணைக்கும் எஃகுப் பட்டைகளுமே. அங்கிருந்து தொடங்குங்கள்.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து நம் ஆட்கள் படகு பார்க்கக் குடும்பத்தோடு வருவார்கள். மாமாவும் அத்தையும் மெத்தையிலும் சமையலறையிலும் மயங்கிவிடுவார்கள். அவர்களைக் கரையில் காபி குடிக்க வைத்துவிட்டு, நீங்கள் உள்ளே போய் அலமாரிகளைத் திறந்து டார்ச் அடியுங்கள். கம்பிகளைப் பிணைக்கும் அந்த எஃகுப் பட்டை மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்துக்குக் கீழே, மரத்தில் பழுப்புக் கோடு வழிந்திருந்தால் தண்ணீர் இறங்குகிறது. துருப்பிடிக்காத எஃகு என்பது பெயரளவில்தான். காற்றுப் படாத ஈர இடுக்கில் அதுவும் அரிக்கும். வெளியே பளபளப்பு குறையாது, ஒருநாள் வெடுக்கென்று முறியும். கம்பிகளை மாற்றிய ரசீதைக் கேளுங்கள். 10 ஆண்டு தாண்டியிருந்தால் புதிய கம்பிகளின் செலவை விலையில் கழியுங்கள்.

பிறகு மேல்தளத்தில் வெறுங்காலோடு நடங்கள். அமுங்கினால், பைபர்கிளாஸுக்கு நடுவே வைத்த பால்சா மரம் ஊறிவிட்டிருக்கக்கூடும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் 'டக்' என்று கெட்டியாக ஒலிக்கும், ஊறிய இடம் 'பொத்' என்று அடங்கும். படகைக் கரையேற்றினால் அடியில் சிறு கொப்புளங்கள் தெரியலாம். பலர் அலறுவார்கள், நான் அவ்வளவு பயப்படமாட்டேன். படகு கவிழாமலிருக்க அடியில் பொருத்தும் கனமான கீல் படகோடு சேருமிடத்தில் விரிசலோடு துருவும் கசிந்தால்தான் எனக்குக் கவலை.

எஞ்சினுக்கு வருகிறேன். போனதும் அதன்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக யாரோ முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் சோதனை. நீலப்புகை அடங்காவிட்டால் ஆயில் எரிகிறது. குறைந்த மணிநேரம் ஓடியது என்று பெருமையடிப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த டீசல் எஞ்சினைவிட ஒழுங்காக ஓடியதையே நான் வாங்குவேன். எஞ்சின் விசை படகின் அடித்தளத்தைத் துளைத்து நேரே கீழிறங்கிச் சுழல்விசிறிக்குப் போகும் செயில்டிரைவ் வகையானால் அடித்தளத்தில் உள்ள ரப்பர் சவ்வின் வயதைக் கேளுங்கள். வோல்வோ பென்டா அதை 7 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது.

வெளிநாட்டுக் கொடி பறக்கும் படகானால் அதை இங்கே இறக்குமதி செய்வதற்கான 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி யார் தலையில் விழும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் விற்பவர் சிபாரிசு செய்தவராக இருக்க வேண்டாம், நீங்களே ஒருவரை அமர்த்துங்கள். முன்பணம் கொடுக்கும்போதே, சர்வே அறிக்கை திருப்தியாக இல்லாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.