கமாரோவுக்கு மாற்றுச் சப்ஃபிரேம்

கேள்வி: மிச்சிகனில் பனிக்காலச் சாலை உப்பால் என் 1969 செவ்ரொலே கமாரோ காரின் முன் சப்ஃபிரேம் (எஞ்சினையும் முன்சக்கரங்களையும் தாங்கும் இரும்புச் சட்டம்), ஸ்குரூடிரைவர் உள்ளே போகும் அளவுக்குத் துருவேறிவிட்டது. 1970-க்குப் பிந்தைய கமாரோவினுடையதைப் பொருத்தலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். உங்கள் வண்டியில் முன்சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டியரிங் இணைப்புகள் 1970-இல் தொடங்கிய இரண்டாம் தலைமுறையில் அச்சுக்கு முன்னால் நகர்த்தப்பட்டதால், வெட்டி வெல்டிங் செய்யும் வேலை ஓயாது. உங்கள் வண்டியின் அதே வடிவமைப்பில் வந்த 1968–72 செவ்ரொலே நோவா காரின் சப்ஃபிரேமைத் தேடுங்கள். பொருத்துகையில் போல்ட்டுகளை உடனே முறுக்கிவிடாமல், சப்ஃபிரேமிலும் பாடியிலும் உள்ள நேர்ப்படுத்தும் துளைகள் வழியே பொருத்தமான கம்பியைச் செருகி, எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான மூலைவிட்ட அளவுகள் இரண்டும் ஒத்துவந்த பிறகே இறுக்குங்கள். இங்கே அவசரப்பட்டால் ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) கதவுக்கும் இடையிலான இடைவெளி கோணலாகிவிடும். சப்ஃபிரேமுக்கும் பாடிக்கும் இடையில் நைந்துபோன ரப்பர் புஷ்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.