ஜாம் ஆன இன்ஜினை எடைக்குப் போடுவதற்கு முன்

வாகனக் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், குடியாத்தத்தில் வசிக்கிறேன். 2009-இல் வாங்கிய என் பெட்ரோல் காரில் சென்ற மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது, ஆம்பூரைத் தாண்டியதும் வெப்பத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து, டீக்கடையில் வாங்கிய தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டு மீண்டும் கிளம்பினேன். மாதனூரை நெருங்கும்போது இழுவை குறைந்து, பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி, வண்டி நின்றுவிட்டது. தட்டும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலி மட்டுமே வருகிறது. கயிறு கட்டி இழுத்து வந்து சேர்த்தோம். இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது, இறக்கிக் கட்ட 70,000 ரூபாய் ஆகும் என்று எதையும் கழற்றிப் பார்க்காமலே சொல்கிறார் மெக்கானிக். நன்றாக ஓடும் நிலையில் விற்றாலே இந்த வண்டி 90,000 ரூபாய்க்கு மேல் போகாது. எடைக்குப் போட்டுவிடலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: அவசரப்பட வேண்டாம். உங்கள் மெக்கானிக் இன்னும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. திறந்து பார்க்காமல் சொல்லப்படும் தொகை மதிப்பீடு ஆகாது. அது ஓர் ஊகம் மட்டுமே.

'ஜாம்' என்ற ஒரே சொல்லை நம் பட்டறைகளில் இரண்டு வெவ்வேறு நோய்களுக்குச் சொல்கிறார்கள். எண்ணெய்ப் படலம் வற்றி, பிஸ்டன் போரோடு (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உட்சுவர்) ஒட்டிக்கொள்வது அல்லது கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) பேரிங் உருகிப் பிடித்துக்கொள்வது ஒன்று. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) விட்டுப்போய், ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி நிற்பது மற்றொன்று. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஆகவே பிஸ்டன் மேலே ஏற முடியாமல் நின்றுவிடுகிறது, ஸ்டார்ட்டர் 'டக்' என்று தட்டுவதோடு சரி. தட்டும் சத்தம் கேட்காமல் வெள்ளைப் புகையோடு வண்டி நின்றது என்று நீங்கள் எழுதியிருப்பது, இது இரண்டாவது வகையாக இருக்கக்கூடும் என்று எண்ண வைக்கிறது. இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு.

எனவே சாவியை இனி ஒரு முறைகூடத் திருப்பாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட்டரை வற்புறுத்தினால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் நல்ல கனெக்டிங் ராடும் வளைந்துவிடும். நான்கு பிளக்குகளையும் கழற்றச் செய்து, கிராங்கின் முனையிலுள்ள புல்லியின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டிக் கையால் மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். பிளக் துளை வழியாகத் தண்ணீர் பீச்சிக்கொண்டு வெளியேறி, இன்ஜின் இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் சுற்றினால், கிராங்கும் பிஸ்டனும் தப்பியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அடுத்து ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடியவிட்டுப் பாருங்கள். பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது வெள்ளி அல்லது செம்பு நிறத் துகள்கள் மின்னினால் பேரிங் போயிருக்கிறது என்று பொருள்.

அதன் பிறகே ஹெட்டைக் கழற்ற வேண்டும். ஹெட் அலுமினியம், பிளாக் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட்தான் முதலில் வளைகிறது. அந்தச் சூட்டில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது விரிசலுக்கும் வழி செய்யும். (கால் மணி நேரத்தில் மூடியைத் திறந்தும் கை வெந்துபோகாமல் தப்பியது உங்கள் நல்ல காலம்.) ஹெட்டை வேலூரில் இன்ஜின் வேலை மட்டும் செய்யும் லேத் பட்டறை ஒன்றுக்கு அனுப்பி, அழுத்தச் சோதனையில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மட்டப்பலகையை வைத்து அளக்கும்போது வளைவு 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினால், பெரும்பாலான சிறிய இன்ஜின்களுக்கு ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி மட்டமாக்குதல்) தேவைப்படும். போரையும் டயல் கேஜ் வைத்து அளந்து, கிடைத்த எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். "போர் தேய்ந்திருக்கிறது" என்ற வாய்ச்சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வேலை ஹெட்டோடு முடிந்தால் தயங்காமல் செய்யுங்கள். 2024-இல் பதிவை ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்திருப்பீர்கள் என்பதால், 2029 வரை அந்த வண்டி உங்களுக்கு உழைக்கும். போர், கிராங்க் இரண்டுமே போய்விட்டன என்று அளவுகள் காட்டினால், நானாக இருந்தால் அந்தப் பணத்தைப் போட மாட்டேன். உள்ளபடியே சொல்லி விற்றுவிடுவேன். சாதாரணக் காப்பீடு இயந்திரப் பழுதை ஏற்காது என்பதால் அந்தப் பக்கம் அலைய வேண்டாம். எடைக்கே போடுவதானாலும், பதிவை முறைப்படி ரத்து செய்யாமல் ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) பழைய இரும்புக் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். நாளை அந்த எண்ணை வைத்து எது நடந்தாலும் ஆவணத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

எந்த வழியில் பழுது பார்த்தாலும், தண்ணீர் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஃபேன் மோட்டார், வாட்டர் பம்ப், ஹோஸ், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றில் ஏதோ ஒன்று உங்களைக் கைவிட்டிருக்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் நிற்காவிட்டால், 120 டிகிரி வரை தாங்க வேண்டிய நீர் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியேறிவிடும். வேலூரில் இருப்பது 'தண்ணீரில்லாத ஆறு' என்று கேலி செய்யும் பழைய பேச்சு உங்கள் ரேடியேட்டருக்கும் பொருந்திவிட்டது. இன்னொன்று, நம் பாலாற்றுப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். அதையே ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்கள் டீ கெட்டிலின் அடியைப் போலச் சுண்ணாம்பு பிடித்து அடைபடும். கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) காய்ச்சி வடித்த நீரோடு மட்டும் கலந்து ஊற்றுங்கள்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய இன்ஜின் ஒன்றை 35,000 ரூபாய்க்கு வாங்கி மாட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: ரசீதும், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்பதற்கான ஆவணமும் தருவார்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். இன்ஜின் எண் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது, அதை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின் கீழ் வரும் மாற்றம் என்பதால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற்றுப் புதிய எண்ணைப் பதிய வேண்டும். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால், குற்றமில்லாத நீங்கள் காவல் நிலையப் படி ஏற வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) அளந்து காட்டச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் வேண்டாம்.

கேள்வி: வேலூர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று சொல்லி மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டார். சரியா?
– வாசகர், ஆற்காடு

பதில்: சரியில்லை. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும் வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து, பிறகு திறக்கும் வால்வு. அது இல்லாத இன்ஜின் உரிய சூட்டை எட்டத் தாமதமாகும். அதுவரை பெட்ரோல் கூடுதலாகச் செலவாகி, ஆயிலில் கலந்து, போரைத் தேய்க்கும். சில இன்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, வெயிலில் சூடு இன்னும் ஏறும். அதே திறப்பு வெப்பநிலை கொண்ட புதியதை வாங்கி, வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு மாட்டச் சொல்லுங்கள்.