கமாண்டோவின் அதிர்வு: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பர்மிங்ஹாம் அருகே உள்ள தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்தில் நார்ட்டன் கமாண்டோ என்ற பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். அதிர்வை ஒழிக்கத் தெரியாமல் எஞ்சினை ரப்பரில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆயில் கசிவும் உண்டாம். ஜப்பானிடம் பிரிட்டன் தோற்றது இந்தச் சோம்பலால்தானே? பழைய கமாண்டோ ஒன்றை வாங்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

சில நாட்களாக இந்த வண்டியைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்ததால் உடனே எழுதுகிறேன். ஆயில் கசிவுப் பேச்சை விட்டுவிடுங்கள். ஆனால் அந்த எஞ்சின் ஏன் அதிர்கிறது என்று ஒருகணம்கூட யோசிக்காமல் ‘சோம்பல்’ என்று எழுதிவிட்டீர்களே, அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1937இல் எட்வர்ட் டர்னரின் டிரையம்ப் ஸ்பீடு ட்வின் காட்டிய வழியில், பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் எஞ்சின்களில் இரு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின. வெடிப்புகள் சீரான இடைவெளியில் நிகழும். ஆனால் ஒரு பிஸ்டனின் ஆட்டத்தை மற்றது ஈடுசெய்யாது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்கில் எதிரெடை சேர்த்தால் மேல்கீழ் அதிர்வின் ஒரு பங்கு முன்பின் அதிர்வாகத் திசைமாறும், அவ்வளவுதான். பெர்ட் ஹாப்வுட் 497 சிசியில் வடிவமைத்த நார்ட்டன் எஞ்சின், கமாண்டோவுக்கு முந்தைய அட்லஸ் வண்டியில் 745 சிசியாக வளர்ந்தபோது, அதிர்வும் உடன் வளர்ந்தது.

அந்த எஞ்சினையே வைத்துக்கொண்டு கமாண்டோவுக்காக நார்ட்டனின் பொறியாளர்கள் ஸ்டீஃபன் பாவர், பெர்னார்ட் ஹூப்பர், பாப் டிரிக் ஆகியோர் செய்ததைக் கவனியுங்கள். எஞ்சினை மட்டும் ரப்பரில் ஏற்றியிருந்தால், செயினின் இழுவையில் அது கோணிக்கொண்டு பின்சக்கரத்துடன் நேர்கோட்டில் நிற்காமல் போயிருக்கும். ஆகவே எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஆகிய மூன்றையும் ஒரே தொகுதியாக்கி, அத்தொகுதியை ரப்பர் வழியே சட்டகத்துடன் இணைத்தார்கள். மேல்கீழாகவும் முன்பின்னாகவும் அது ஆடலாம், பக்கவாட்டில் அசையக் கூடாது. அந்த எல்லையைக் காப்பவை மெல்லிய ஷிம் தகடுகள், அவை விடும் இடைவெளி ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். இடைவெளி கூடினால் வளைவில் பின்சக்கரம் தள்ளாடும். குறைந்தால் அதிர்வு முழுவதும் சட்டகத்துக்கு வந்துவிடும். இதைச் செய்ய எத்தனை நுட்பமான சிந்தனை வேண்டும்!

வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு முதிய நண்பரின் கமாண்டோ ஐட்லிங்கில் நின்றபோது, முன்சக்கரம் தரையில் நடுங்குவதையும் கண்ணாடியில் உருவங்கள் கலைவதையும் பார்த்திருக்கிறேன். பின்னால் ஏறி அமர்ந்தேன். எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்றுகளைத் தாண்டியதும் கால்வைக்கும் கம்பியில் நடுக்கமே இல்லை. ஷிம் வைக்கும்போது அவர் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை இரண்டு முறை செருகிப் பார்ப்பார், எவரையும் பேச விடமாட்டார்.

குற்றம் சொல்லியே தீர வேண்டுமென்றால், கமாண்டோவுக்கு 1972இல் வந்த, திறன் கூட்டிய ‘காம்பாட்’ எஞ்சினைச் சொல்லுங்கள். அழுத்த விகிதத்தை 10:1 ஆக்கிப் பழைய எஞ்சினிலிருந்து மேலும் திறனைப் பிழிந்ததில், கிராங்க் வளைந்து, அதைத் தாங்கும் மெயின் பேரிங்கை அதன் ரோலர்களின் விளிம்புகளே தின்றன. அதற்காக அந்த மூவரின் வேலையைப் பழிக்காதீர்கள்.

நீங்கள் வாங்க நினைக்கும் வண்டி அந்த ஆண்டுடையது என்றால், கிராங்க்கின் வளைவைத் தாங்கும் சூப்பர்பிளெண்ட் பேரிங் மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். 1975இன் மார்க் 3 கிடைத்தால் நல்லது. அதில் ஷிம்முக்குப் பதிலாகத் திருகி இடைவெளியைச் சரிசெய்யும் அமைப்பு உண்டு.

அன்புடன்