மைலேஜ் கருவிகளுக்காக ஒரிஜினல் பாகங்களைக் கழற்றலாமா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு ஏழு வயது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 13ஐத் தாண்டுவதில்லை. கழுவிப் போடும் ஏர் ஃபில்டர், பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிக் கோளாறு பார்க்கும் இடம்) செருகும் சிப் ஆகிய மூன்றையும் போட்டால் பழைய மைலேஜ் வந்துவிடும் என்கிறார் ஆக்சசரீஸ் கடைக்காரர். கம்பெனி பாகங்களைக் கழற்றிவிட்டு இவற்றைப் போடலாமா?

பதில்: கழற்ற வேண்டாம். லிட்டருக்கு 16 கொடுத்த நாட்களில் உங்கள் காரில் இந்த மூன்றும் இல்லையே! அன்று ஒழுங்காக இருந்த ஏதோ ஒன்று இன்று தேய்ந்தோ அடைத்தோ போயிருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை.

காந்தத்தை முதலில் தள்ளிவிடுவோம். பெட்ரோலைக் காந்தம் ஈர்ப்பதும் இல்லை, அது எரியும் விதத்தை மாற்றுவதும் இல்லை. சிப் என்று விற்கப்படுபவற்றில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்இடி விளக்கைச் சிமிட்ட வைக்கும் சின்ன சர்க்யூட்தான் இருக்கும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ, எரிபொருள் மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட 100க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய ஒன்றுகூட அதில் கிடைக்கவில்லை.

ஏர் ஃபில்டர் கதை கொஞ்சம் வேறு. அது உண்மையான பாகம், அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். 'காற்று தாராளமாகப் போனால் பெட்ரோல் மிச்சம்' என்பது கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுத்த பழைய கருவி) காலத்துக் கணக்கு. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், பெட்ரோல் குறையாது, புகை தள்ளும். உங்கள் காரில் நடப்பது அதுவல்ல. உள்ளே வரும் காற்றை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ அளக்கிறது. சுமார் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தில் (எடைக் கணக்கு) பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரைத் திறக்கிறது. எரிந்து வெளியே வரும் புகையை ஆக்சிஜன் சென்சார் முகர்ந்து பார்த்து, கூடுதல் குறைச்சல் இருந்தால் சொல்லிவிடும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதற்கேற்ப அதிகம் போகும். அப்புறம் மிச்சம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: இத்தகைய இன்ஜின்களில் ஃபில்டர் நன்றாக அடைத்திருந்தபோதும் மைலேஜ் பெரிதாக மாறவில்லை, வேகம் எடுப்பதுதான் மந்தமானது. அதற்காக அடைத்த ஃபில்டரோடு ஓட்டச் சொல்லவில்லை. கழுவிப் போடும் ஃபில்டரில் இன்னொரு வம்பும் உண்டு. அதில் தடவும் எண்ணெய் கொஞ்சம் அதிகமானால் காற்றோட்ட சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து, அளவையே தப்பாகக் காட்டவைக்கும்.

சரி, தொலைந்த 3 கிலோமீட்டரை எங்கே தேடுவது? டயர் காற்றில் தொடங்குங்கள், செலவில்லாத வேலை. பிறகு வண்டியைச் சமதளத்தில் நியூட்ரலில் விட்டுத் தள்ளிப் பாருங்கள். இறுக்கமாக நகர்ந்தால் எங்கோ பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்ததும் ஏதாவது ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சூடாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நான் அதிகம் சந்தேகப்படுவது தெர்மோஸ்டாட்டையும் ஆக்சிஜன் சென்சாரையும்தான். இன்ஜின் சூடாகும்வரை குளிர்விக்கும் நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் சூடேறாது; 'இன்னும் குளிராகத்தான் இருக்கிறது' என்று இசியூ கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். சில மெக்கானிக்குகள் ஓவர்ஹீட் ஆகாமல் இருக்கட்டும் என்று அதைக் கழற்றியே போட்டுவிடுவார்கள். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். ஆக்சிஜன் சென்சார் மூப்படைந்தால் விகிதமே குழம்பும். அது கெட்டுப்போயிருந்து சரிசெய்தால் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட உயரலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. இவற்றையெல்லாம் ஒரு ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிடலாம், அந்த ஓபிடி போர்ட் இருப்பதே அதற்குத்தான். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் கையேட்டில் உள்ள அதே வெப்ப எண் (பிளக் எவ்வளவு சூட்டைக் கடத்தும் என்பதைச் சொல்வது), பொறி பாயும் முனையில் அதே இடைவெளி. ஆயிலும் அப்படித்தான்: 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் குளிரில் அதைவிடக் கெட்டியான 10டபிள்யூ-30 ஊற்றினால் ஓரிரு சதவீதம் போய்விடும்.

வெளிப் பாகம் என்றாலே ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஃபில்டர், பிளக், சென்சார் ஆகியவற்றைக் கார் கம்பெனிக்கே செய்து கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் பெயரிலும் விற்கின்றன. அளவும் தரக்குறிப்பும் ஒன்றாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். டயர் மாற்றும் காலம் வந்தால், உருளும்போது தடை குறைவாக உள்ள டயரைக் கேளுங்கள். தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருளில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் மிச்சமாகும். ஆனால் அளவு மட்டும் மாறக் கூடாது. 3 சதவீதம் சிறிய டயரைப் போட்டால் மீட்டர் 3 சதவீதம் கூடுதல் தூரம் காட்டும், நீங்கள் மைலேஜ் ஏறிவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள்.

எதை மாற்றினாலும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். டேங்கை நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பும் கணக்கில், மாற்றுவதற்கு முன்னால் மூன்று டேங்க், பின்னால் மூன்று டேங்க், அதே பாதையில் குறித்து வையுங்கள். ஒரு டேங்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். புதிதாக ஏதோ மாட்டியிருக்கிறோம் என்ற நினைப்பிலேயே முதல் வாரம் எல்லோரும் ஆக்சிலரேட்டரை மெதுவாகத்தான் மிதிப்பார்கள்.