ஸ்டீம் கடையில் வேண்டாத கேம்களை ஒதுக்குவது எப்படி?

வாசகர் கேள்வி: புதிதாக லேப்டாப் வாங்கி, கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கணக்குத் தொடங்கியிருக்கிறேன். கடையைத் திறந்தால் பாதிக்குப் பாதி எனக்கு வேண்டாதவை. பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது திறக்கவே கூசுகிற படங்கள், என்னிடம் இல்லாத, தலையில் மாட்டும் விஆர் கருவியைக் கேட்பவை, அரைகுறையாக விற்பனைக்கு வந்தவை, பிளேஸ்டேஷனில் நான் எப்போதோ முடித்துவிட்டவை. இவையெல்லாம் கண்ணில் படாமல் செய்ய வழி உண்டா?

உண்டு. ஆனால் ஒரே பொத்தானில் முடிகிற வேலை இல்லை. வழிகள் நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம், எந்த நஷ்டமும் வராது. சிலவற்றில் கை வைக்கும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அப்புறம் நல்ல கேமே வருவதில்லை என்று புலம்புகிறார்கள். நானும் புலம்பியிருக்கிறேன், கதை பின்னால் வருகிறது.

இந்த நெரிசல் எப்படி வந்தது என்று தெரிந்தால், ஃபில்டர்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதும் புரியும். வால்வ் நிறுவனம் 2003இல் ஸ்டீமைத் தொடங்கியபோது அது அவர்களுடைய சொந்த கேம்களுக்கு அப்டேட் அனுப்பும் கருவி, அவ்வளவுதான். பிறகு மற்றவர்களின் கேம்களும் வந்தன. 2012இல் கிரீன்லைட் என்ற பெயரில், எந்த கேம் கடைக்குள் வரலாம் என்று பயனர்களே வாக்களிக்கும் முறை வந்தது. 2017 ஜூனில் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் போதும். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அந்தப் பணமும் திரும்பி வந்துவிடும். விளைவு, 2024இல் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாகின. நாளொன்றுக்குச் சராசரியாக ஐம்பது!

2018 ஜூனில் வால்வ் இன்னொன்றையும் அறிவித்தது. சட்டவிரோதமானவை, வேண்டுமென்றே வம்பு செய்பவை இரண்டும் தவிர மற்ற எதையும் தடுக்கப் போவதில்லை, எதைப் பார்ப்பது என்பதைப் பயனரே முடிவு செய்துகொள்ளட்டும் என்றது. இன்று நாம் பயன்படுத்தும் ஃபில்டர்களில் பல அதே ஆண்டு செப்டம்பரில் வந்தவைதான். வாசலில் நின்ற காவல்காரரை அனுப்பிவிட்டு ஆளுக்கொரு முறத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். புடைப்பது நம் வேலை.

சரி, முறத்தை எடுப்போம். ஸ்டீமின் பக்கங்கள் தமிழில் இல்லை என்பதால் பொத்தான்களின் ஆங்கிலப் பெயரை அப்படியே ஒலிபெயர்த்துத் தருகிறேன்.

மேலே வலப்பக்கம் உங்கள் கணக்கின் பெயரை அழுத்தி, ‘ஸ்டோர் பிரிஃபரன்சஸ்’ பக்கத்துக்குப் போங்கள். அங்கே முதலில் ‘ஏர்லி ஆக்சஸ்’ (உருவாக்கி முடிக்கும் முன்பே விற்பவை), ‘விர்ச்சுவல் ரியாலிட்டி’ (விஆர்) இரண்டையும் அணைத்துவிடுங்கள். நீங்கள் சொன்ன அரைகுறை கேம்களும் விஆர் கேம்களும் பெரும்பாலும் இதிலேயே ஒதுங்கிவிடும். நஷ்டம் வராது என்று சொன்னேனே, அது இந்த வகைதான். ‘பால்டர்ஸ் கேட் 3’ 2020 அக்டோபரிலிருந்து 2023 ஆகஸ்டு வரை ஏர்லி ஆக்சஸில்தான் இருந்தது. அதுவரை அது உங்கள் கண்ணில் படாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்? முழுதாக வெளியான அன்று தானாகவே உங்கள் கடைக்குள் வந்திருக்கும். நல்ல கேமாக இருந்தால் முடிந்த பிறகு வரட்டும், முடியாமலே போனால் உங்கள் காசு தப்பியது. கடைக்குள் கேம் அல்லாத மென்பொருள்களும் வந்து நிற்கும், அதையும் இங்கேயே அணைக்கலாம்.

அதே பக்கத்தில் மொழித் தேர்வு இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் போதும் என்றால் அதை மட்டும் டிக் செய்யுங்கள். சீன மொழியில் மட்டும், ஜப்பானிய மொழியில் மட்டும் வரும் கேம்கள் பரிந்துரையில் குறைந்துவிடும்.

அடுத்தது, பிள்ளைகள் விஷயம். வயதுவந்தோருக்கான உள்ளடக்கத்தை ஸ்டீம் சில வகைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது: அடிக்கடி வன்முறையும் ரத்தமும் வருபவை, ஓரளவு நிர்வாணமோ பாலியல் காட்சியோ உள்ளவை, முழுக்க முழுக்கப் பாலியல் உள்ளடக்கம் கொண்டவை என்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறைக்கலாம். கடைசி வகை நாமாகக் கேட்டால் தவிரக் காட்டப்படுவதில்லை. எனவே உங்களைக் கூச வைக்கும் படங்கள் அதற்கு ஒரு படி கீழே இருப்பவையாகத்தான் இருக்கும். அந்த வகையை மறைத்துவிடுங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: ‘தி விட்சர் 3’, ‘சைபர்பங்க் 2077’ போன்ற பெரிய கேம்களிலும் அத்தகைய காட்சிகள் இருப்பதால் அவையும் சேர்ந்து மறையலாம். பெயர் தெரிந்த கேம்களை எப்போது வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம் என்பதால், இந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

இந்த வகைப்பாட்டை நிரப்புவது கேமை உருவாக்கியவரே. அதனால் சில நழுவி வரும். அவற்றைப் பிடிக்க டேக்குகள் உதவும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

டேக் என்பது ஒரு கேமின் மேல் ஒட்டப்படும் அடையாளச் சீட்டு. 2014 முதல் பயனர்களும் இதை ஒட்டலாம். ‘டேக்ஸ் டு எக்ஸ்க்ளூட்’ என்ற பகுதியில் பத்து டேக்குகள் வரை விலக்கி வைக்கலாம். முன்பு மூன்றுதான் இருந்தது, 2018இல் பத்தாக்கினார்கள். பத்து இடம் இருக்கிறதே என்று பத்தையும் நிரப்பிவிடாதீர்கள். கட்டம் கட்டமாகத் தெரியும் பழைய பாணிப் படங்களான ‘பிக்சல் கிராஃபிக்ஸ்’ பிடிக்காது என்று அதை விலக்கினால், ‘ஸ்டார்டியூ வேலி’யும் ‘டெரேரியா’வும் ‘அண்டர்டேல்’லும் கூடவே போகும். பெரிய நிறுவனங்களைச் சாராத சிறு குழுக்களின் கேம்களைக் குறிக்கும் ‘இண்டி’யை விலக்கினால் ‘ஹாலோ நைட்’ போய்விடும். களை என்று நினைத்து அரிவாளை வீசினால் பயிரும்தான் சாயும். போனதே தெரியாது என்பதுதான் இதில் மோசம்.

இப்போது என் கதை. ஒரு காலத்தில் சீட்டு விளையாட்டு கேம்கள் ஒரே அச்சில் வார்த்தது போல வந்து குவிந்தன. எரிச்சலில் ‘கார்ட் கேம்’ டேக்கை விலக்கிவிட்டேன், அப்படியே மறந்தும் போனேன். 2024 பிப்ரவரியில் ‘பலாட்ரோ’ வந்தது. தனி ஒருவர் உருவாக்கிய, போக்கர் சீட்டுகளை வைத்து ஆடும் கேம். ஊரே அதைப் பற்றிப் பேச, என் ஸ்டீம் முகப்பில் மட்டும் அது தலையைக் காட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து நண்பர் ஒருவர் திட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்றிலிருந்து என் விதி இதுதான்: குறுகலான டேக்கை விலக்கலாம், அகலமானதை விலக்கக் கூடாது. ‘ஹென்டாய்’ (ஜப்பானிய கார்ட்டூன் பாணி ஆபாசம்), ‘செக்ஷுவல் கண்டென்ட்’, ‘நியூடிட்டி’ மூன்றையும் நீங்கள் தாராளமாகப் போடலாம். ‘ஹாரர்’ வீட்டில் யாருக்கும் ஆகாது என்றால் அதையும் சேர்க்கலாம். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேடல் பக்கத்தில் முடிவுகளுக்கு மேலே கவனியுங்கள். உங்கள் விருப்பத் தேர்வுகளின்படி இத்தனை கேம்கள் விலக்கப்பட்டன என்று ஒரு எண் காட்டும். அது எக்கச்சக்கமாக ஏறினால் அரிவாள் எங்கேயோ பயிரில் பட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இனி, இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் பயன்பட்ட பழக்கம். முகப்பு வழியாகக் கடைக்குள் போகவே போகாதீர்கள். முகப்பு என்பது கடைக்காரர் அடுக்கி வைத்த அலமாரி. நாம் தேடல் பக்கத்தின் வழியாகப் போகலாம். தேடல் பெட்டியில் எதுவும் எழுதாமல் அப்படியே எண்டர் தட்டினால் முழுப் பட்டியலும் வரும். வலப்பக்கம் வரிசையாக ஃபில்டர்கள் இருக்கும். முதலில் வகையில் ‘கேம்ஸ்’ மட்டும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் கூடுதல் பாகங்கள், பாட்டுத் தொகுப்புகள், டெமோக்கள் எல்லாம் கலந்து வரும். ஏற்கெனவே உங்களிடம் இருப்பவை, நீங்கள் ஒதுக்கியவை, இலவச கேம்கள் ஆகியவற்றை மறைக்கத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. விலைக்கு ஓர் இழுவைக் கோடு இருக்கும். ஸ்டீம் 2015 முதல் இந்திய ரூபாயில் விலை காட்டுவதால் மாதம் இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருப்பவர்களுக்கு அது வசதி. டேக்குகளையும் இங்கே சேர்க்கலாம், விலக்கலாம். இந்த விலக்கல் அந்தத் தேடலுக்கு மட்டுமே பொருந்தும், கணக்கு முழுவதையும் பாதிக்காது. அகலமான டேக்குகளை விலக்க இதுதான் சரியான இடம்.

எல்லாவற்றையும் தேர்ந்த பிறகு முகவரிப் பட்டையைப் பாருங்கள். நீங்கள் தேர்ந்த அத்தனை ஃபில்டரும் அந்த முகவரியிலேயே பதிந்திருக்கும். பிரவுசரில் அதை புக்மார்க் செய்துவிட்டால் முடிந்தது வேலை. நான் இப்படி மூன்று புக்மார்க் வைத்திருக்கிறேன்: தள்ளுபடி நாள்களுக்கு ஒன்று, புதிய வெளியீடுகளுக்கு ஒன்று, நண்பர்களோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடுபவற்றுக்கு ஒன்று. முகப்பைப் பார்த்தே மாதங்கள் ஆகின்றன.

உங்கள் லேப்டாப்பின் திறன் பற்றி நீங்கள் எழுதவில்லை. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத லேப்டாப் என்றால், அதே ஃபில்டர் வரிசையில் ஸ்டீம் டெக் என்ற பகுதியைப் பாருங்கள். ஸ்டீம் டெக் என்பது வால்வ் 2022இல் கொண்டுவந்த கையடக்கக் கணினி. அதில் ‘வெரிஃபைட்’ என்று தேறிய கேம்கள் எளிய கருவியிலும் ஓடக்கூடியவை. உங்கள் லேப்டாப்பில் ஓடும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது, கனமான கேம்களை ஒதுக்க ஓரளவு கைகொடுக்கும். வாங்கிப் பார்த்து ஓடவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் போலிச் சரக்கு கொஞ்சம் வரும். கேம் உருவாக்குபவர்களுக்கென்று இணையத்தில் விற்கும் ஆயத்த உருவங்களை வாங்கி ஒட்டுப்போட்டு, வாரத்துக்கு ஒன்றாக கேம் இறக்குகிறவர்கள் உண்டு. 2017இல் ஒரே நிறுவனத்தின் 170க்கும் மேற்பட்ட கேம்களை வால்வ் ஒரேயடியாகத் தூக்கியது. அப்படி யாராவது கண்ணில் பட்டால் அந்த ஒரு கேமை மட்டும் ஒதுக்கிப் பயனில்லை. கேம் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரை அழுத்தி அவர்களுடைய பக்கத்துக்குப் போய், அங்குள்ள பற்சக்கரச் சின்னத்தில் நிறுவனத்தையே இக்னோர் செய்துவிடுங்கள். இன்னோர் அடையாளமும் சொல்கிறேன். கேம் பக்கத்தின் ஓரத்தில் ‘ப்ரொஃபைல் ஃபீச்சர்ஸ் லிமிடெட்’ என்ற குறிப்பு இருந்தால், அந்த கேம் போதுமான ஆள்களைச் சென்றடைந்ததாக ஸ்டீம் இன்னும் நம்பவில்லை என்று பொருள். நேற்று வந்த நல்ல கேமிலும் இது இருக்கும். வந்து இரண்டு வருடமாகியும் இருந்தால் நான் தொடமாட்டேன்.

‘இன்டராக்டிவ் ரெக்கமெண்டர்’ என்று ஒரு கருவியும் உண்டு. பிரபலமானவை வேண்டுமா, அதிகம் பேர் அறியாதவை வேண்டுமா என்று ஒரு கோட்டை இழுத்துத் தேர்ந்துகொள்ளலாம். நீங்கள் எதை எவ்வளவு நேரம் ஆடினீர்கள் என்பதை வைத்துத்தான் அது பரிந்துரைக்கும், புதுக் கணக்குக்கு இப்போது அதனால் பெரிய பயன் இருக்காது. சில மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள்.

பிள்ளைகள் தாங்களாகவே அந்த லேப்டாப்பில் உட்காருவார்கள் என்றால் ஃபில்டர் மட்டும் போதாது. 2024இல் வந்த ‘ஸ்டீம் ஃபேமிலீஸ்’ வசதியில் ஆறு பேர் வரை ஒரு குடும்பமாகச் சேரலாம். பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, கடையையே அதில் மூடி வைத்து, நீங்கள் அனுமதித்த கேம்களை மட்டும் திறந்துவிடலாம். எவ்வளவு நேரம் ஆடலாம் என்றும் வரம்பு வைக்கலாம்.

கடைசியாக, பிளேஸ்டேஷனில் முடித்த கேம்கள். ஒவ்வொரு கேம் பக்கத்திலும் ‘இக்னோர்’ பொத்தானுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால், பிடிக்கவில்லை என்பதற்குப் பதிலாக வேறு கருவியில் ஆடிவிட்டேன் என்று சொல்லி ஒதுக்கும் வழி வரும். உங்களுக்கு வேண்டியது இதுதான். மொத்தமாகச் செய்ய, ஸ்டீம் உங்களுக்கென்று கேம்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் ‘டிஸ்கவரி கியூ’வைத் திறந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு பன்னிரண்டு கேம்களாக வரும். டீ குடிக்கும் நேரத்தில் இரண்டு சுற்று முடித்துவிடலாம். தவறுதலாக எதையாவது ஒதுக்கிவிட்டால் அதே கேமின் பக்கத்துக்குப் போய் அதே பொத்தானை இன்னொரு முறை அழுத்துங்கள், திரும்பி வந்துவிடும்.