வில்வித்தை வீராங்கனை தீபிகா குமாரி உலகக் கோப்பைகளில் ஜெயிக்கிறார். ஒலிம்பிக்கில் மட்டும் ஏன் பதக்கம் இல்லை?

"நெருக்கடியில் மனசு ஆடிவிடுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நான்கு ஒலிம்பிக்கின் ஸ்கோரை எடுத்து வைத்துப் பார்த்தால் காரணம் அதைவிடத் தெளிவாகவே தெரியும்.

முதலில் தகுதிச் சுற்று. 70 மீட்டர் தூரம், 72 அம்பு, அதிகபட்சம் 720 புள்ளி. 2016 ஏப்ரலில் ஷாங்காயில் தீபிகா எடுத்தது 686, அன்றைய உலக சாதனைக்குச் சமம். ஒலிம்பிக்கிலோ லண்டனில் 662, ரியோவில் 640, டோக்கியோவில் 663, பாரிஸில் 658. இந்தச் சரிவுக்கான விலையை, தோற்றால் வெளியேறும் நாக்அவுட்டில்தான் கொடுக்க வேண்டும். ஏனென்றால் யார் யாரோடு மோதுவது என்பதை இந்த வரிசைதான் முடிவு செய்கிறது. 9-ஆம் இடத்தில் வந்தவர் ஜெயித்துக்கொண்டே போனால் காலிறுதியில் முதலிடத்தின் பக்கம்தான் போய் நிற்பார். டோக்கியோவில் அப்படித்தான் முதலிடத்தில் இருந்த கொரியாவின் ஆன் சானிடம் மாட்டினார். பாரிஸில் 23-ஆம் இடம். அந்த வழி காலிறுதியில், இரண்டாமிடத்தில் இருந்த கொரியாவின் நாம் சு-ஹியோனிடம் கொண்டுபோய் விட்டது. (லண்டன் கதை வேறு. 8-ஆம் இடத்தில் இருந்தும் முதல் சுற்றிலேயே பிரிட்டனின் ஏமி ஆலிவரிடம் தோற்றார்.)

அடுத்தது செட். ஒரு செட்டுக்கு 3 அம்பு, ஜெயித்தால் 2 புள்ளி, முதலில் 6 எடுப்பவருக்கு ஆட்டம். மூன்றே அம்பில் ஒன்று 7-க்குப் போனால் மீதி இரண்டும் 10 ஆனாலும் 27தான். டோக்கியோ காலிறுதி 0-6 என்பதால் ஒருதலையான ஆட்டம் என்று நினைக்கிறோம். முதல் செட்டில் ஆன் சான் 30 அடித்தார், அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. ஆனால் அடுத்த இரண்டு செட்டிலும் அவர் எடுத்தது வெறும் 26. தீபிகா எடுத்தது 24, 24. மூன்று 9 அடித்திருந்தாலே அந்த இரண்டு செட்டும் அவருடையவை. பாரிஸில் 4-2 என்று முன்னிலையில் இருந்தார். கடைசி இரண்டு செட்டும் 27-29, 27-29.

ஒரு அம்பு மட்டும் ஏன் இப்படி விலகுகிறது? ஒலிம்பிக்கில் பயன்படுத்தும் ரீகர்வ் வில்லில் கிளிக்கர் என்று ஒரு மெல்லிய தகடு அம்பின் முனைப்பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும். நாணை முழு அளவுக்கு இழுத்ததும் அம்பு நுனி அதைத் தாண்டும், 'டிக்' என்று சத்தம் வரும், அந்தக் கணமே விரல்கள் தளர வேண்டும். கடைசி ஓரிரு மில்லிமீட்டர் இழுப்பு முதுகுத் தசையிலிருந்து வரவேண்டியது. காற்று அடங்கட்டும் என்று இழுத்தபடி நின்றால் முதுகு தளர்ந்து, அந்த வேலையைக் கையும் விரலும் எடுத்துக்கொள்ளும். தனிநபர் ஆட்டத்தில் ஒரு அம்புக்கு 20 விநாடிதான் என்பதால், இறக்கிவிட்டு மறுபடி இழுக்கவும் தயக்கம் வரும். விரல் பிடுங்கியபடி விட்டால், அம்பின் பின்முனையில் 1 மில்லிமீட்டர் பிசகு 70 மீட்டரில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஆகிவிடும். 10-க்கான வட்டத்தின் விட்டமே 12.2 சென்டிமீட்டர்தான்.

2021 பாரிஸ் உலகக் கோப்பையில் ஒரே நாளில் வாங்கிய 3 தங்கத்தைக் காட்டி, "அங்கே கொரியா வரவில்லை, அதனால்தான்" என்பவர்கள் உண்டு. வரவில்லை என்பது உண்மை. ஆனால் அன்று தனிநபர் இறுதியில் தீபிகா 6-0 என்று தோற்கடித்த ரஷ்யாவின் எலேனா ஓசிபோவாதான் அடுத்த மாதம் டோக்கியோவில் வெள்ளி வாங்கினார், அதுவும் ஆன் சானை ஷூட்-ஆஃப் (சமனானால் ஆளுக்கு ஒரு அம்பு விட்டு முடிவு செய்வது) வரை இழுத்துச் சென்று. ஆகவே அந்தத் தங்கங்களை மலிவு என்று சொல்ல மாட்டேன்.

2022 டிசம்பரில் குழந்தை பெற்று, 2024 ஏப்ரலில் ஷாங்காய் உலகக் கோப்பையில் வெள்ளியோடு திரும்பியவர் அவர். அடுத்த முறை அவர் ஆட்டத்தைப் பார்க்கும்போது, நாண் முகவாயைத் தொட்டதிலிருந்து அம்பு கிளம்பும் வரை விநாடிகளை எண்ணிப் பாருங்கள். வழக்கமான நேரத்தைவிட நீண்டால், 7 வருமோ என்று அம்பு பலகையைத் தொடுவதற்கு முன்பே உங்களுக்குத் தோன்றும்.